பின்னணி இல்லாத பருந்துகள்: பழவேற்காட்டுப் பனிக்காலக் குறிப்பு

போன தை மாசம் கோட்டைக்குப்பம் பக்கத்துல எனக்குப் பழக்கமான ஒரு மீனவப் பெரியவர் ஒரு விஷயம் கேட்டார். "தம்பி, பத்து வருசமா பொட்டியைத் தோள்ல மாட்டிக்கினு வர்றியே, முகத்துவாரம் அப்போ எங்க இருந்துச்சுன்னு காட்டற மாதிரி ஒரு படம் இருக்குதா உங்கிட்ட?" ஊர்ல ஒரு மனு எழுதுறாங்களாம். எந்த வருசம் மணல் எதுவரைக்கும் வந்தது, வாய் எந்தப் பக்கம் நகர்ந்ததுன்னு காட்ட, தேதி போட்ட படம் வேணுமாம்.

இருக்காதான்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்து ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தேன். பத்துப் பனிக்காலம், சில ஆயிரம் படங்கள். விராலடிப்பான், செம்பருந்து, சேற்றுப் பூனைப்பருந்து, பொரி வல்லூறு. எல்லாத்துலயும் பறவை பளிச்சுன்னு இருக்கு. பின்னாடி? வெண்ணெய் தடவின மாதிரி ஒரு மங்கல். கொஞ்சம் நீலம், கொஞ்சம் சாம்பல். அப்படி மங்கலா வரணும்னுதான் அவ்வளவு காசு போட்டு லென்ஸ் வாங்கினேன். கரையோ, மணல் திட்டோ, கலங்கரை விளக்கமோ தெரிஞ்ச ஒன்றிரண்டு படங்களையும் 'டிஸ்டர்ப் பண்ணுது'ன்னு வெட்டியிருந்தேன்.

இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்தது அந்த வெட்கத்தில்தான். வேட்டைப் பறவைகளை நாம எப்படிப் பதிவு பண்ணிட்டு வந்திருக்கோம், அதுல இடம் எங்கே காணாமப் போச்சுன்னு தேட ஆரம்பிச்சேன். தேடப் போனால் இது என்னோட தப்பு மட்டும் இல்லை, இருநூறு வருசத்துக்கு மேலான பழக்கம்னு தெரிஞ்சது. (தப்பைப் பங்கு போட்டுக்க ஆள் கிடைச்சா ஒரு ஆறுதல்.)

முதல்ல பெயர்கள். பழவேற்காட்டுக்கு டச்சுக்காரங்க வந்தது 1610 வாக்கில். கெல்டிரியா கோட்டையைக் கட்டினது 1613ல். சோழமண்டலக் கரையில் அவங்க தலைமையிடமா ரொம்ப காலம் இருந்த ஊர் இது. 1690ல் அது நாகப்பட்டினத்துக்குப் போனது. கடைசியில 1825ல் ஆங்கிலேயர் கைக்கு ஊர் வந்தது. இன்னிக்கு மிச்சம் இருக்கிறது எலும்புக்கூடு செதுக்கின வாசலோட ஒரு கல்லறைத் தோட்டமும், புதர் மூடின கோட்டை மேடும், அகழியும். துணிக் கணக்கும் கப்பல் கணக்கும் அவ்வளவு விவரமா எழுதி வெச்ச கம்பெனி அது.

தினமும் அந்தக் கோட்டை மேல வட்டமடிச்சிருக்க வேண்டிய செம்பருந்துக்கு அறிவியல் பெயர் வெச்சவரும் ஒரு டச்சுக்காரர்தான். பீட்டர் போடார்ட், மருத்துவர். 1783ல் 'ஃபால்கோ இண்டுஸ்'னு பெயரிட்டார். ஆனா அவர் இந்தப் பறவையைப் பார்த்து அந்தப் பெயரை வைக்கலை. பிரான்சில் ப்யூஃபோன் வெளியிட்ட வண்ணப் படத் தொகுதியில் 'பாண்டிச்சேரிக் கழுகு'ன்னு ஒரு படம் இருந்தது. அந்தப் படங்களுக்கு லத்தீன் பெயர்ப் பட்டியல் போடுறதுதான் போடார்ட் செஞ்ச வேலை. நம்ம ஊர் கருடனுக்கு அது ஒரு காகிதப் பிறப்பு. இருந்தாலும் 'பாண்டிச்சேரி'ங்கிற ஒரு சொல்லாவது ஒட்டிக்கிட்டு வந்ததால, இந்தப் பறவையின் மூல இடம் இன்னிக்கும் பாண்டிச்சேரிதான்.

பொரி வல்லூறு விஷயம் இன்னும் வேடிக்கை. சைபீரியாவின் பனிப் பாலைவனத்தில் குஞ்சு பொரிச்சிட்டு, குளிர் தாங்காம இந்தியாவுக்கு வர்ற இனம் நம்ம ஏரிக்கு வர்றது. அதுக்கு 1790ல் ஜான் லேதம் வெச்ச பெயர் 'காலிடுஸ்'. லத்தீனில் அதுக்கு 'சூடானது'ன்னு அர்த்தம். ஆர்க்டிக் பறவைக்குச் சூடானதுன்னு பேரா? இந்தியாவிலிருந்து போன தகவலை வெச்சு விவரிச்சதால மூல இடம் 'இந்தியா'ன்னு ஆயிடுச்சு. எந்த ஊர், எந்தக் கரை? ஒண்ணும் கிடையாது. வெறும் 'இந்தியா'. அது பிறந்த ஊரே ஐரோப்பாவுக்குத் தெரியாது. விருந்தாளியா வந்த ஊரை வெச்சு ஒரு பேர். பனிக்காலத்துல மட்டும் நம்ம பக்கம் வர்ற பறவைக்கு, பனிக்கால முகவரியே நிரந்தர முகவரி ஆன கதை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பறவையைப் பதிவு பண்றதுன்னா சுடுறதுதான். இதில் ஒரு நியாயம் சொல்லணும். இருகண்நோக்கி நல்லா வராத காலம், கையில வெச்சுப் பார்த்தால்தான் இறகை எண்ண முடியும். நெல்லூரில் கம்பெனி மருத்துவராக இருந்த ஜெர்டன் 1862 முதல் 1864 வரை வெளியிட்ட 'தி பேர்ட்ஸ் ஆஃப் இந்தியா'வை இப்பவும் படிக்கலாம். பழவேற்காட்டு ஏரியின் வடகரையிலிருந்து நெல்லூர் ரொம்பத் தூரம் இல்லை, நம்ம பக்கத்து மனுஷர்தான். அந்தக் காலத்து மனுஷர்னு பார்த்தா அவர் வேட்டைக்காரர்களையும் யானாதி மக்களையும் கேட்டு எழுதினவர், உள்ளூர் பேர்களைக் குறிச்சு வெச்சவர். அவர் எழுத்தில் பறவை நிக்கிற இடம் தெரியும். ஹியூம் 1885ல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்த தோல்களும் முட்டைகளும் 75,000க்கு மேல். இந்தத் தோல்களில் ஒரு விதி உண்டு, மியூசியத்துல வேலை செய்யறவங்க எல்லாருக்கும் தெரிஞ்சது: காலில் கட்டின சீட்டில் ஊரும் தேதியும் இல்லைன்னா அந்தத் தோலுக்குப் பெருசா மதிப்பு கிடையாது, அழகான பஞ்சடைச்ச பொம்மைன்னு வெச்சுக்கலாம். அப்போ என் படங்கள்? தேதி கேமராவே எழுதிடுது. ஊரை நான்தான் மங்கலாக்கியிருக்கேன்.

புகைப்படம் சென்னைக்கு வந்ததும் பறவை உடனே சட்டத்துக்குள்ள வந்துடலை. 1856ல் சென்னை மாகாண அரசுக்குப் புகைப்படக்காரரா நியமிக்கப்பட்டவர் லின்னேயஸ் ட்ரைப். பேரைப் பார்த்து இவர் உயிரினங்களைத்தான் எடுத்திருப்பார்னு நினைச்சேன். எடுத்தது தஞ்சாவூர், மதுரைக் கோயில்கள். மெழுகு பூசின காகித நெகட்டிவ்ல வெளிச்சம் பதியவே வெகு நேரம் ஆகும். ஆள் அசைஞ்சாலே காணாமப் போயிடுவார். அவர் படங்களில் கோபுரம் இருக்கும், வீதி இருக்கும், மேலே பறந்த பருந்து இருக்காது. எனக்கு நேர் எதிர். என் படத்தில் பருந்து இருக்கு, ஊர் இல்லை. அரசு செலவைக் குறைக்கணும்னு 1860ல் அவர் வேலையையே மூடிட்டாங்க.

காட்டுப் பறவையைப் படம் பிடிக்கிறது ஒரு கலையா கிளம்பினது இங்கிலாந்தில், 1890களில், கியர்ட்டன் சகோதரர்களோட. ஒரு மாட்டுத் தோலை உள்ளே வெற்றிடமா தைச்சு, அதுக்குள்ள ஆளும் கேமராவும் புகுந்து மணிக்கணக்கா நின்னாங்க. ஏரியில நமக்கு அந்த மாடு தேவையில்லை. இங்க மீனவர் படகுதான் மாடு. தினமும் பார்க்கிற படகுக்குப் பறவை பயப்படாது. இதை எல்லாப் பறவைப் படக்காரர்களும் சீக்கிரமே கண்டுபிடிச்சுடறோம், அங்கேதான் பிரச்சினையும் ஆரம்பம். அதுக்கு அப்புறம் வர்றேன்.

நம்ம பக்கம் இந்தக் கதையில் தவிர்க்கவே முடியாத ஆள் மா. கிருஷ்ணன். அ. மாதவையாவின் மகன், 1912ல் பிறந்தவர், சென்னைவாசி. 1950 முதல் 1996ல் இறக்கும் வரை 'தி ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் காட்டுயிர் பத்தி எழுதினவர், தமிழிலும் எழுதினார். கடைசி வரைக்கும் கறுப்பு வெள்ளைதான். கேமராவை அங்கங்கே கிடைச்ச பாகங்களைச் சேர்த்துத் தானே கட்டிக்கிட்டார், அதுக்கு 'சூப்பர் பான்டெரோசா'ன்னு கிண்டலா ஒரு பேரும் வெச்சார். அவர் எடுத்த யானைப் படங்களைப் பாருங்க. யானை நிக்கிற மூங்கில் எது, தரை ஈரமா காய்ஞ்சதா, எல்லாம் தெரியும். மிருகம் தன் இடத்தோட சேர்ந்து நிக்கும். இதை நான் முன்னாடியே பார்த்திருக்கேன். ரசிச்சேனே தவிர கத்துக்கலை.

லோக் வான் தோ இன்னொரு வகை. கோலாலம்பூரில் பிறந்து, சிங்கப்பூரில் சினிமாக் கொட்டகைகள் நடத்தின பணக்காரர். 1942ல் ஜப்பான்காரன் வந்தபோது தப்பிய கப்பல் குண்டடி பட்டு, உயிர் பிழைச்சு இந்தியா வந்து சேர்ந்தார். இங்கே சலீம் அலியோட பழக்கமாகி ஊர் ஊரா சுத்திப் பறவைப் படம் எடுத்தார். திரும்பிப் போனப்புறம் சிங்கப்பூரில் வெள்ளைவயிற்றுக் கடற்கழுகின் கூட்டைப் படமெடுக்க மர உயரத்துக்கு மேடை கட்டினார். 1964ல் தைவான் விமான விபத்தில் இறந்துட்டார். கூட்டுக்குப் பக்கத்துல மேடை கட்டினால் இன்னிக்கு நம்மை வெளுத்து வாங்குவாங்க, அதுவும் சரிதான். ஒரு காலத்தின் துணிச்சல் அடுத்த காலத்தின் தொந்தரவு.

இனி ஏரி. பழவேற்காடு பரப்பில் சிலிகாவுக்கு அடுத்த இரண்டாவது பெரிய உப்பங்கழி. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு ஓரம் நம்ம பக்கம். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா நீண்டு படுத்திருக்கு. ஆழம் சராசரியா ஒரு மீட்டர்தான், பல இடத்துல இறங்கி நடக்கலாம். விராலடிப்பானுக்கு இந்த ஊர் ஏன் பிடிக்கும்னு இதை வெச்சே சொல்லிடலாம். அது காலை முன்னே நீட்டித் தண்ணியில விழுந்து மீன் பிடிக்கிற பறவை. ஏறத்தாழ ஒரு மீட்டருக்குக் கீழே அதால போக முடியாது. அப்படின்னா ஏரியில இருக்கிற மீன் முக்கால்வாசி அதுக்கு எட்டுற தூரம். வெளி விரலைப் பின்னாடி திருப்பிக்கும், பாதத்துல முள்ளு முள்ளா இருக்கும், வழுக்கற மடவையைக் கூட விடாது. மீனைத் தலை முன்னாலயும் வால் பின்னாலயுமா திருப்பிப் பிடிச்சுக்கிட்டுப் பறக்கும், காத்து தடுக்காம இருக்க. பேர் மட்டும் விராலடிப்பான். விரால் நல்ல தண்ணி மீன், இந்த உப்புத் தண்ணியில அதுக்கு ஏது விரால்!

பிடிச்ச மீனை வெச்சுச் சாப்பிட அதுக்கு ஒரு உசரம் வேணும். ஏரி நடுவுல மரம் ஏது? மீனவர் நட்டு வெச்ச கழிதான். என் படங்களில் பாதியில் பறவை உட்கார்ந்திருக்கிறது அந்தக் கழிகள் மேலதான். அந்தக் கழியைப் பத்தி ரொம்ப நாள் நான் யோசிக்கவே இல்லை. இந்த ஏரியில் யார் எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டலாம்னு முடிவு பண்ற 'பாடு' முறை இருக்கு. ஊர்த் தலைக்கட்டுகளுக்குள்ள முறை போட்டு, நல்ல இடம் ஒருத்தருக்கே போகாம சுத்தி வர்ற ஏற்பாடு. எழுதாத சட்டம், தலைமுறை தலைமுறையா வர்றது. ஒரு கழி ஒரு இடத்துல நிக்குதுன்னா அது ஒரு உரிமை, ஒரு முறை, சில சமயம் ஒரு சண்டையின் முடிவு. நான் அதை 'நேச்சுரல் பெர்ச்'னு தலைப்புப் போட்டு வெச்சிருந்தேன். நேச்சுரலாம்!

2011 டிசம்பர் 25ஆம் தேதி, கிறிஸ்துமஸ் அன்னிக்கு, பழவேற்காட்டில் சுற்றிப் பார்க்கப் போனவங்க படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தாங்க. அதுக்கப்புறம் சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. நான் கேமராவோட இங்க வர ஆரம்பிச்சது அதுக்குப் பிறகுதான். தடை இருந்தும் ஆரம்ப வருசங்களில் 'சும்மா வலை எடுக்கப் போறப்ப கூட வர்றேன்'னு சொல்லி ரெண்டு மூணு தடவை போயிருக்கேன். மறைச்சு என்ன ஆகப் போகுது. லைஃப் ஜாக்கெட் இல்லை, மடியில அரை லட்ச ரூபாய் லென்ஸ். படகுக்காரருக்கு ஏதாவது பிரச்சினைன்னா வழக்கு அவர் மேல, படம் என் சுவர்ல. ஒரு தடவை பறவையை எழுப்பிப் பறக்க வைக்க நெருங்கிப் போகச் சொன்னேன். எழும்பிச்சு. காலில் இருந்த மீனும் தண்ணியில விழுந்துச்சு. படம் நல்லா வந்திருந்தது. அதுதான் கடைசிச் சவாரி.

இன்னொரு தப்பும் உண்டு. மீன் இறங்குற இடத்தில் செம்பருந்துகள் எப்பவும் சுத்தும். ஒரு மார்கழிக் காலையில், அது பாய்ஞ்சு எடுக்கிற படம் வேணும்னு பத்து ரூபாய்க்குப் பொடி மீன் வாங்கித் தூக்கித் தூக்கிப் போட்டேன். மூணாவது மீனுக்கே பழகிடுச்சு. நாலு நாள் கழிச்சுப் போனப்ப கூடை வெச்சிருந்த ஒரு அக்கா என்னைப் பார்த்ததும் பிடிச்சுக்கிட்டாங்க. "இன்னா சார், நீ போட்டோ எடுத்துக்கினு போயிட்ட. அது இப்ப என் கூடைக்குத் தலைக்கு மேல வந்து நிக்குது. பெருமாள் வாகனம்னு நானும் அடிக்க மாட்டேன். நீ பழக்கி விட்டதுக்கு நான் மீன் குடுக்கணுமா?" பதில் சொல்ல முடியலை. கருடனைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கிற ஜனங்க அவங்க. அந்தப் பறவையை விரட்ட வேண்டிய நிலைமைக்கு அவங்களைக் கொண்டு வந்தது நான்.

மலேசியாவின் லங்காவியில் இதே செம்பருந்துக்குக் கோழித் தோல் வீசிச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுறதே ஒரு தொழில். அந்தத் தீவின் பேரே இந்தப் பறவையிலிருந்து வந்ததுன்னு அங்கே சொல்வாங்க. மீன் பிடிக்கிற பறவை கோழித் தோலுக்கு வரிசையில் நிக்குது. பத்து ரூபாய்ப் பொடி மீன் எங்கே போய் முடியும்னு பார்க்க நான் அவ்வளவு தூரம் யோசிக்கணும்னு இல்லை, அந்த அக்கா கூடையே போதும்.

சட்டம் இதைப் பத்தி என்ன சொல்லுதுன்னும் பார்த்தேன். ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980லிருந்து பறவைகள் சரணாலயம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவில், சரணாலயத்துக்குள் போக அனுமதி தரக்கூடிய காரணங்களில் 'புகைப்படம்'ங்கிற சொல் மொட்டையா இருந்தது. 2022 திருத்தத்தில் அதோட ஒரு வால் சேர்ந்தது: வாழிடத்தை மாற்றாமல், வாழிடத்துக்கோ உயிரினத்துக்கோ கெடுதல் வராமல் எடுக்கணும். ஐம்பது வருசம் கேமரா தீங்கில்லாத பொருள்னு சட்டமே நம்பிட்டு இருந்திருக்கு. கையடக்கமா, ஆளாளுக்கு ஒண்ணுன்னு ஆன பிறகுதான் அந்த நம்பிக்கை போச்சு.

அதுக்காக கேமராவே வேண்டாம்னு சொல்லலை. 2012ல் நாகாலாந்தில் தோயாங் நீர்த்தேக்கத்துக்கிட்ட, பாங்டி கிராமத்தில், அமுர் வல்லூறுகளை ஆயிரக்கணக்கில் வலை போட்டுப் பிடிச்சதை உலகத்துக்குக் காட்டினது புகைப்படமும் வீடியோவும்தான். அடுத்த வருசமே அந்தக் கிராமத்து ஜனங்க வேட்டையை நிறுத்திட்டாங்க. அந்தப் படங்களில் பின்னணி மங்கலா இல்லை. வலை தெரிஞ்சது, கம்பம் தெரிஞ்சது, கட்டித் தூக்கிட்டுப் போற மனுஷங்க தெரிஞ்சாங்க.

பெரியவர் கேட்ட முகத்துவாரத்துக்கு வர்றேன். ஏரிக்கு உயிரே அந்த வாய்தான். மழைக்காலத்துல ஆரணியாறும் காளங்கியும் வெள்ளத்தைக் கொண்டு வந்து வாயை அகலமாத் திறக்கும். கோடையில மணல் வந்து அடைக்கும். அடைஞ்சா கடல் மீனும் இறால் குஞ்சும் உள்ளே வராது, உப்புக் கணக்கு மாறும், படகு கடலுக்குப் போக வழி இருக்காது. மீன் இல்லாத ஏரியில கழி நட ஆள் இருக்காது, விராலடிப்பானும் வராது. வாய் நகர்றது எப்பவும் நடக்கிறதுதான். ஆனா எவ்வளவு வேகமா, எதனாலங்கிறதுதான் இப்போ வழக்கு. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கிற திட்டத்துக்கு 2021 ஜனவரியில் அறிவிச்ச கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளிப் போனது. கரையோரக் குப்பங்கள் எல்லாம் எதிர்த்து நின்னாங்க. அவங்க பயம் கடல் அரிச்சு ஏரியும் கடலும் ஒண்ணாயிடுமோன்னு. அந்த மாதிரி வாதத்துக்கு 'எங்க தாத்தா சொன்னார்' போதாது. படம் வேணும். தேதி வேணும். கரை தெரியணும்.

என் ஆயிரக்கணக்கான படங்களில் உருப்படியா மூணு கிடைச்சது. மூணுமே தப்பா எடுத்த படங்கள். ஒண்ணு, ஃபோகஸ் பறவையை விட்டுட்டுக் கரையில் போய் விழுந்தது. பூனைப்பருந்து ஒரு பழுப்புக் கறை, பின்னாடி மணல் திட்டும் கலங்கரை விளக்கமும் கூர்மையா இருக்கு. இன்னொண்ணு, லென்ஸ் மாத்தும்போது மொபைல்ல எடுத்தது. மூணாவதுல விராலடிப்பான் கழி மேல ஒரு புள்ளி மாதிரி. அழிக்காம விட்டது சோம்பேறித்தனத்தால.

மூணையும் பொன்னேரியில் ஒரு ஸ்டூடியோவில் பெருசா பிரிண்ட் போட்டு, பின்பக்கம் தேதியும் நான் நின்ன இடமும் எழுதிக் கொண்டு போய்க் கொடுத்தேன். பெரியவர் கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். மணல் திட்டைப் பத்தி ஏதோ சொல்வார்னு காத்திருந்தேன். மூணாவது படத்துல விரலை வெச்சு, "இது எங்க பங்காளி வீட்டுப் பாடுப்பா. அந்த வருசம் அவன் முறை" என்றார். அப்புறம் மகனைக் கூப்பிட்டுக் கழியை எண்ணச் சொன்னார். பதினொண்ணு.

"இப்ப அங்க எத்தினி நிக்குது?" என்று கேட்டேன்.

"நாலு. அதுல ஒண்ணு சாய்ஞ்சு கிடக்குது. உன் பருந்து அதும் மேலதான் உக்காருது."

இந்தப் பனிக்காலம் பையில் சின்ன லென்ஸ் ஒண்ணும் சேர்ந்திருக்கு. கரையில் அதே இடத்தில், மாசம் ரெண்டு தடவை, தெற்கேயும் கிழக்கேயும் பார்த்து ஒவ்வொரு படம். பறவை இருந்தா இருக்கட்டும். போன ஞாயிறு எடுத்ததில் மூணு கழி, சாய்ஞ்சது ஒண்ணு, அதன் மேல் விராலடிப்பான் ஒண்ணு. வாய் முன்னைவிட வடக்கே தெரியுது.